செயலாளர் ஊடாக ஓர் அழைப்பு

1

இந்த வாரம் என் மேசைக்கு ஒரு கோப்பு வந்தது. பன்னாட்டு நூலகத் தலைவர் கூட்டம், பங்கேற்பாளர் ஆயத்தம் என்று அதன் மேலட்டையில் எழுதியிருந்தது. சென்ற ஆண்டும் இப்பொறுப்பை என்னிடந்தான் தந்தார்கள். அதை நான் நன்றாகச் செய்தேன் என்று கருதுகிறார்கள் போலும். கோப்பை இன்னும் திறக்கவில்லை. திறப்பதற்கு முன், சென்ற ஆண்டு நடந்ததை ஒருமுறை ஒழுங்காக எழுதிவிட வேண்டும் என்று தோன்றிற்று.

நோர்வே நாட்டின் மேற்குக் கரையில், ஆண்டின் பெரும்பகுதி மழையில் நனையும் ஒரு துறைமுக நகரத்தில் வாழ்கிறேன். இங்குள்ள நகர நூலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பணி. சென்ற ஆண்டு நடந்த கூட்டத்துக்குப் பன்னிரண்டு நாடுகளிலிருந்து பன்னிரண்டு பேரை அழைத்தோம். பதினொருவர் வந்தனர். வராத ஒருவர் திருகோணமலைக்காரர். அவரை அழைக்கலாம் என்று முன்மொழிந்தவனும் நான். அவரை ஆயத்தப்படுத்தியவனும் நான். அவர் வரமுடியாமற் போனதற்குக் காரணமும் நானே.

இதை வாசிக்கும் உங்களுள் சிலர் அவரிடம் நூல் இரவல் பெற்றிருப்பீர்கள். ஆகவே பெயரை மாற்றித் தவமலர் என்று எழுதுகிறேன். நூலகத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை. எழுதி முடித்ததும் முதலில் அவருக்கே அனுப்பினேன். சென்ற ஆண்டு நான் செய்யத் தவறியது அது ஒன்றுதான். “இனி ஒளிக்க என்ன கிடக்கு அண்ணன், போடுங்கோ” என்று மறுமொழி வந்தது.

2

ஆயத்தப்படுத்துவது என்றால் என்னவென்று ஊரிலிருப்பவர்கள் கேட்கலாம். வீசா எனும் நுழைவிசைவுக்கான கடிதங்களை எழுதுவது அதில் ஒரு பகுதி. அதைவிடப் பெரிய பகுதி, இந்நாட்டின் வழக்கங்களை முன்கூட்டியே சொல்லிவைப்பது. எங்கள் நூலகத் தலைவி பெயர் இங்கெர். அவரை எல்லாரும் இங்கெர் என்றே அழைப்பார்கள். அம்மையாரே, தலைவர் அவர்களே என்றெல்லாம் அழைத்தால் நகைப்பதா வருந்துவதா என்று அறியாமல் நிற்பார். ஒன்பது மணிக் கூட்டம் ஒன்பது மணிக்குத் தொடங்கும். மங்கல விளக்கில்லை, வரவேற்புரையில்லை, நன்றியுரையில்லை. ஒவ்வொருவரும் இரண்டு நிமிடத்தில் தம்மை அறிமுகம் செய்யவேண்டும். இவற்றையெல்லாம் ஒரு கையேடாக எழுதி அனுப்பினேன். பின்னர் ஒவ்வொருவருடனும் கைபேசித் திரையில் மூன்று அமர்வுகள்.

தவமலருடனான அமர்வுகளை என் காலை ஏழு மணிக்கு வைத்துக்கொண்டோம். அவருக்கு அப்போது பத்தரை. நூலகம் திறந்து, பத்திரிகை வாசிக்க வரும் ஓய்வூதியர்கள் கதிரைகளைப் பிடித்துக்கொண்டபின் அவருக்குச் சற்று ஓய்வு கிடைக்கும். முதல் நாள் நான் இரண்டு நிமிட அறிமுகத்தைப் பழக்க முயன்றேன். அவர் எழுந்து நின்றுகொண்டார். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே என்று தொடங்கினார். இரண்டு நிமிடமும் விளிகளிலேயே கழிந்தன.

“ஒரு தலைமை வகிப்பவராக உங்களை அறிமுகம் செய்யுங்கள்” என்றேன்.

“நான் என்னத்துக்குத் தலைமை, சேர்? எனக்குக் கீழ இருக்கிறது ஒரே ஒரு ஆள், நஸீர். அவரும் நான் சொல்லுறதக் கேக்கிறதில்ல.”

“மிஸ், எனக்குக் கேக்குதுதானே” என்று திரைக்கு வெளியிலிருந்து ஓர் ஆண்குரல் வந்தது. அவர்தான் நஸீர்; கிண்ணியாவிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்துபோகும் உதவி நூலகர்.

இரண்டாம் அமர்வில் உடை பற்றிய பேச்சு வந்தது. குளிர்ந்த மலைநாடான நுவரெலியாவில் படிப்பிக்கும் தோழி ஒருத்தியிடம் கம்பளிச் சட்டை ஒன்றை இரவல் வாங்கியிருந்தார். அதைத் திரைக்கு முன் தூக்கிப் பிடித்து, இது போதுமா என்றார். போதாது, இங்கே உடலோடு ஒட்டக் கம்பளி உள்ளாடை அணியவேண்டும். இதை ஒரு பெண்ணிடம் எவ்வாறு சொல்வதென்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோது, பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த என் மகள் ஆரணி கைபேசியை வாங்கிக்கொண்டாள். இந்நாட்டில் பிறந்தவள். என்னோடு பேசும்போது தமிழில் தொடங்கி மூன்றாவது வாக்கியத்தில் நோர்வே மொழிக்குத் தாவிவிடுவாள். தவமலரோடு அரை மணிநேரம் தாவாமற் பேசினாள்.

“அன்ரி, சாரி கட்டுங்கோ, வடிவா இருக்கும். ஆனா உள்ளுக்கு ரெண்டு காற்சட்டை போட வேணும்.”

“சாரிக்கு உள்ளயோ? நடக்க ஏலுமோ பிள்ளை?”

“ஏலும். நான் தாறன். சப்பாத்தும் நான் தாறன். கால் எத்தினை?”

அவருடைய பாதத்தின் அளவு ஒரு வெள்ளைத் தாளில் வரையப்பட்டு, படமாக எங்கள் வீட்டுக்கு வந்தது. ஆரணி அதை அளவாக அச்செடுத்து வெட்டி, தன் சப்பாத்துக்குள் வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. அன்றிலிருந்து தவமலர் என்னைச் சேர் என்பதை விட்டு அண்ணன் என்று அழைக்கலானார்.

3

நான் திருகோணமலையில் இருந்த காலத்தில் தவமலரின் நூலகத்தில் வேறொருவர் நூலகராக இருந்தார். வெளிக்கரையில், கடலிலிருந்து கூப்பிடுதூரத்தில் ஓட்டுக் கூரைக் கட்டடம். முன்முற்றத்துக்குக் கதவில்லை. நகரத்து மான்கள் உள்ளே வந்து, கட்டிவைத்த பழைய பத்திரிகைகளைத் தின்றுவிட்டுப் போகும். பண்டிதப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நான் உள்ளே இருந்து இலக்கணம் மனனஞ் செய்துகொண்டிருப்பேன். அம்மனனந்தான் என் நடையைக் கட்டியது. பிறர் எழுதிய வாக்கியத்தைத் திருத்தாமல் விட என் கைக்கு இன்றுவரை இயலாது. அது நற்பழக்கம் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

தவமலர் நூலகராகி நான்காம் ஆண்டில் கடல் ஊருக்குள் வந்தது. கூரை நின்றது, அலுமாரிகள் நிற்கவில்லை. நூல்களுட் பெரும்பகுதி நீரோடு போயிற்று. பின்னர் வெளிநாட்டு உதவியில் வேறிடத்தில் புதுக்கட்டடமும் புது நூல்களும் வந்தன. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. தெரியாத பகுதியைத்தான் அவர் எங்கள் வினாப்படிவத்தில் எழுதியிருந்தார்.

அவ்வினாப்படிவம் நான் ஆக்கியது. பத்து வினாக்கள். ஏழாவது: தலைமை வகிப்பவர் என்ற வகையில் நீங்கள் எடுத்த முடிவுகளுள் எதை எண்ணிப் பெருமைப்படுகிறீர்கள்? மற்றப் பதினொருவரும் கணினி வாங்கியதையும் புதுப்பிரிவு திறந்ததையும் எழுதியிருந்தார்கள். தவமலர் தம் கையெழுத்தில் தமிழிலேயே எழுதிப் படமெடுத்து அனுப்பியிருந்தார். சொல்லுக்குச் சொல் தருகிறேன்:

“கடல் வந்தாப் பிறகு பதிவில இருந்து ஒரு புத்தகத்தையும் நான் வெட்டேல்ல. அண்டைக்கு ஆக்களின்ர வீட்டில இருந்த புத்தகம் எத்தினையோ. இறக்கக்கண்டியில ஒரு அம்மா மகள் எடுத்த புத்தகத்தை ஆறு வருசத்துக்குப் பிறகு கொண்டு வந்து தந்தவ. மகள் இல்லை. கிளிவெட்டியில இருந்து ஒருத்தர் முகாம் முகாமாக் கொண்டு திரிஞ்சு, பதினொரு வருசத்தால கொண்டு வந்தவர். நான் வெட்டியிருந்தா இதுகளை எதில சேர்க்கிறது? திருப்பித் தர இடம் இல்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது? அதால எல்லாம் அப்பிடியே கிடக்கு. இது சரிவருமோ தெரியாது, பார்த்துச் செய்யுங்கோ.”

இதன் பொருளை விளக்கவேண்டும். நூலகத்துக்கு வரும் ஒவ்வொரு நூலுக்கும் ஓர் எண்ணிட்டு ஒரு பெரிய பதிவேட்டில் எழுதுவார்கள். நூல் தொலைந்தாலோ பழுதடைந்தாலோ, மேலிடத்தின் இசைவோடு அவ்வரியைச் சிவப்பு மையால் வெட்டவேண்டும். வெட்டாதவரை அந்நூல் நூலகத்தில் இருக்கிறது என்பதே அரசாங்கத்தின் எண்ணம். அது இருக்கிறது என்பதற்கு நூலகரே பொறுப்பாளி. ஆக, கடல் கொண்டுபோன நூல்கள் அனைத்தும் இருபது ஆண்டுகளாகத் தவமலரின் கையெழுத்தின்மேல் நின்றுகொண்டிருந்தன.

4

என் வேலை என்ன என்பதையும் இங்கே சொல்லவேண்டும். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் நான் நூல்களைக் கழிக்கிறேன். மூன்றாண்டு எவரும் எடுக்காத நூலைத் தட்டிலிருந்து இழுத்து, கருவியின் கீழ் காட்டினால் ஒரு சிறு ஒலி எழும். நூல் பட்டியலிலிருந்து போய்விடும். பின்னர் அதை ஒரு வண்டியில் போடுவேன். ஒரு பிற்பகலில் நூறு நூல்களுக்குக் குறையாது. ஏன் என்று எவரும் கேட்பதில்லை.

அத்தகைய ஒரு செவ்வாய்க்கிழமையில்தான் தவமலரின் விடை வந்தது. கழிக்கும் கருவியைக் கீழே வைத்துவிட்டு மூன்று முறை வாசித்தேன். பன்னிரண்டு விடைகளுள் இதுவே உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயமிருக்கவில்லை. ஆனால் நடை பேச்சுநடை. கூட்டத்துக்கென அச்சிடும் நூலில் இந்த விடையை ஆங்கிலத்தோடு தமிழிலும் போடவேண்டும் என்று இங்கெரிடம் கேட்டு இசைவு பெற்றேன். தமிழ் அங்கு அச்சேறுவதானால் தலைநிமிர்ந்து நிற்கவேண்டும் அல்லவா? இரண்டு மாலைகள் இருந்து திருத்தினேன். “கடல்கோளின் பின்னர்ப் பதிவேட்டினின்று ஒரு நூலையேனும் நீக்க ஒருப்பட்டேனில்லை” என்று தொடங்கியது என் வடிவம். பார்த்துச் செய்யுங்கோ என்ற கடைசித் தொடரை நீக்கிவிட்டேன். அதை வெறும் அடக்கவுரை என்று எண்ணினேன்.

ஆங்கில வடிவத்தைச் சரிபார்க்க ஆரணியிடம் கொடுத்தேன். குசினி மேசையில் இருந்து வாசித்தாள்.

“அப்பா, இது அன்ரியின்ர கந்தோருக்குத் தெரியுமா?”

அலுவலகத்துக்குத் தெரியாமலா எழுதுவார் என்றேன்.

“இல்லை, அவ சொல்லாமச் செய்திருக்கிறா. வாசிக்க விளங்குது. இது எல்லாரும் பாக்கிற புத்தகத்தில போடுறதா?”

எங்களுடைய ஆட்களைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று நான் கேட்டேன். கடுமையாகவே கேட்டேன். அவள் தாளை மேசையில் வைத்துவிட்டு, நோர்வே மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டு மாடிக்குப் போனாள். பிள்ளைகள் நம்மைவிட்டு விலகிப்போகிறார்கள் என்று இத்தகைய குறிப்புகளில் நாம் எழுதுவதுண்டு. அன்று விலகி நின்றவள் அவளல்லள்.

அதன்பின் நான் செய்ததுதான் பெரும்பிழை. அலுவலகத்தில் அழைப்புகளை அனுப்பும் இளைஞர், முறைப்படியான அழைப்பையும் அச்சான நூலையும் நேராகத் தவமலரின் மின்னஞ்சலுக்கே அனுப்பவிருந்தார். மற்றப் பதினொருவருக்கும் அப்படித்தான் போயின. நான் தடுத்தேன். எங்கள் நாட்டில் அரசாங்க ஊழியருக்கு அப்படி எழுதுவது மரியாதையன்று; மேலதிகாரி ஊடாகவே எழுதவேண்டும்; அப்போதுதான் விடுமுறையும் எளிதிற் கிடைக்கும் என்று அவருக்கு ஒரு சிறு விரிவுரையே ஆற்றினேன். நோர்வேக்காரர் எவருக்கும் இது தெரிந்திராது. எனக்குத் தெரிந்திருந்தது. ஊரைவிட்டு வந்து இத்தனை ஆண்டுக்குப் பின்னும் அந்தக் கந்தோர் ஒழுங்கு மறக்கவில்லை என்பதில் எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. தவமலரின் நூலகத்தை நடத்தும் உள்ளூராட்சிச் சபையின் செயலாளருடைய பதவிப்பெயரை எழுதி, அதன் கீழ் “ஊடாக” என்று இட்டு, அதன் கீழ் தவமலரின் பெயரை எழுதினேன். இணைப்புகள் அனைத்தும் உள்ளே இருந்தன. அச்சுநூலும் இருந்தது.

5

நுழைவிசைவைப் பற்றித்தான் நாங்கள் எல்லாரும் அஞ்சிக்கொண்டிருந்தோம். வங்கிக் கடிதம், காணி உறுதி, திருமணப் பதிவு எனத் தவமலர் ஒரு கட்டுத் தாளோடு கொழும்புக்குப் போனார். திரும்பி வருவீர்களா என்று கேட்டால் என்ன சொல்வது என மூன்றாம் அமர்வு முழுவதும் பழகியிருந்தோம். அந்த வினாவை எவரும் கேட்கவேயில்லை. பதினைந்தாம் நாள் கடவுச்சீட்டு வந்துவிட்டது. அதன் படத்தை அனுப்பி, கீழே “வீசா வந்திட்டுது, நஸீருக்குத்தான் சந்தோசம் கூட. பத்து நாள் என்ர கரைச்சல் இல்லையாம்” என்று எழுதியிருந்தார். ஆரணி அன்றே உள்ளாடைகளைத் தோய்த்து மடித்து ஒரு பையில் வைத்தாள்.

அதற்கடுத்த வாரம், காலை ஏழு மணிக்கு, அமர்வு இல்லாத ஒரு நாளில் அழைப்பு வந்தது. தவமலர் இருந்தபடியே பேசினார். குரலில் மாற்றமில்லை.

“அண்ணன், நீங்கள் அனுப்பின புத்தகத்தைச் செயலாளர் வாசிச்சிட்டார். நல்ல தமிழாம்.”

நான் மகிழ்ந்தேன். அதை மறைப்பதில் பயனில்லை. ஒரு கணம் உண்மையாகவே மகிழ்ந்தேன்.

“நல்ல தமிழ் எண்டு சொன்னவர். சொல்லிப்போட்டு, இதில சொல்லியிருக்கிற புத்தகங்கள் எங்க எண்டு கேட்டவர்.”

அரசாங்க நூலகர் வெளிநாடு போவதானால், பத்து நாளுக்கே ஆயினும், நூலகத்தை அடுத்தவரிடம் கையளித்துவிட்டே போகவேண்டும். கையளிப்பது என்றால், பதிவேட்டிலுள்ள ஒவ்வொரு நூலையும் எண்ணிக் காட்டிக் கையெழுத்து வாங்குவது. இது சட்டம். நடைமுறை வேறு. குறுகிய விடுமுறைக்கு எவரும் எண்ணுவதில்லை; ஒருவரையொருவர் நம்பிக் கையெழுத்திடுவார்கள். செயலாளரும் ஒன்றும் கேளாமல் மேலே அனுப்பிவிடுவார். தவமலரும் நஸீரும் அவ்வாறு செய்யத்தான் இருந்தார்கள். ஆனால், நூல்கள் இல்லை என்று நூலகரே எழுதி, அது வெளிநாட்டில் அச்சாகி, செயலாளர் ஊடாகவே வந்து சேர்ந்தபின், எண்ணாமல் ஒப்பமிடச் செயலாளரால் முடியவில்லை.

அவ்வழைப்பின் நடுவில் நஸீர் கைபேசியைக் கேட்டு வாங்கினார். என்னோடு அவர் நேரடியாகப் பேசியது அந்த ஒருமுறைதான்.

“சேர், மிஸ்ஸ நான் மறிக்கல்ல. நான் கையெழுத்து வெச்சா நாளைக்கு அந்தப் புத்தகமெல்லாம் என்ட தலையிலதானே? கடலுக்குள்ள போய்த் தேடவா? எனக்கு இன்னம் பதினெட்டு வருசம் சேவை கிடக்கு.”



6

கூட்டத்துக்கு இருபத்தாறு நாள்கள் இருந்தன. நான் செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அச்சிட்ட நூலைத் திரும்பப் பெற முயன்றேன். ஏற்கெனவே பன்னிரண்டு நாடுகளுக்கும் போய்விட்டிருந்தது. தவமலரின் விடையில் மொழிபெயர்ப்புப் பிழை நேர்ந்துவிட்டது என்று சபைக்கு ஒரு கடிதம் எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். “தமிழில இருந்து தமிழுக்கோ?” என்று கேட்டார். சிரித்தாரா என்பது தெரியவில்லை.

இங்கெரிடம் போனேன். நடந்ததைக் கேட்டுவிட்டு, இழந்த நூல்களின் பட்டியலைத் தாருங்கள், நாங்கள் வாங்கி அனுப்புகிறோம் என்றார். நல்ல மனுசி. பிரச்சினை நூல்களில் இல்லை என்று விளக்க ஒரு மணிநேரம் முயன்றேன். பின்னே எதில் இருக்கிறது என்று கேட்டார். பதிவில் என்றேன். பட்டியலிலிருந்து நீக்க ஒரு நிமிடந்தானே செல்லும் என்றார். நான் வாரந்தோறும் செய்வதைத்தான் அவர் சொன்னார். நோர்வே மொழியில் இருபத்திரண்டு ஆண்டு பணிசெய்தும், வெட்டாமல் இருப்பது ஏன் ஒரு முடிவு என்பதை அவருக்கு விளங்கும்படி சொல்ல எனக்கு இயலவில்லை. என் திருத்திய நடையின் ஆங்கில வடிவத்தில் அவ்விடையை வாசித்தபோது அவர் கண்கலங்கியிருந்தார் என்பதையும் சொல்லவேண்டும். அது அவருக்கு ஓர் அழகிய கட்டுரையாக இருந்தது. வாழும் ஒருத்தியின் கையெழுத்து அதன் அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லையே.

இறுதியில் செயலாளரை அழைத்தேன். இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார், அதனால் எழுதுகிறேன். சினந்து பேசுவார் என்று எதிர்பார்த்தேன். தேநீர் குடித்துக்கொண்டே, மிகுந்த மரியாதையுடன் பேசினார். தாமும் சல்லிக் கிராமத்துக் கடற்கரையில் ஒரு தங்கையைக் கடலுக்குப் பறிகொடுத்தவர் என்று பேச்சிடையே சொன்னார்.

“இது எங்கட கந்தோரில ஆருக்கும் தெரியாத விசயமில்ல, சேர்” என்றார். “எத்தினையோ செயலாளர்மார் வந்து போயிட்டினம். எல்லாருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்தனாங்கள். அப்பிடி இருந்தபடியாத்தான் அந்தப் பிள்ளை அதைச் செய்துகொண்டு இருந்தது. நீங்கள் எழுத்தில கொண்டு வந்து என்ர மேசையில வைச்சிட்டியள். இனி நான் எப்பிடித் தெரியாத மாதிரி இருக்கிறது?”

ஏதேனும் வழியுண்டா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். மூவர் கொண்ட குழு ஒன்று நூல்களை எண்ண வரும். அதற்குள் இல்லாதவற்றைத் தவமலர் தம் கையால் வெட்டி, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதி ஒப்பமிடவேண்டும். பின்னர் மேலிடம் ஏற்றால் அவர்மேல் குற்றமில்லை. அதற்கு மூன்று மாதமேனும் செல்லும். தண்டனை எதுவும் வராமல் பார்த்துக்கொள்வதாக வாக்களித்தார். தம் வாக்கை அவர் காத்தார். ஆனால் விடுமுறைக்கு ஒப்பமிடவில்லை. இட அவரால் முடியாது.

அன்று மாலை ஆரணியிடம் சொன்னேன். முன்பே சொன்னேனே என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 

7

கூட்டம் மூன்று நாள் நடந்தது. தவமலருக்கு இரண்டாம் நாள் பதினொன்றே காலுக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருந்தோம். அவருடைய விடையை நான் மேடையில் வாசிக்கவேண்டும் என்று இங்கெர் விரும்பினார். தவமலரைக் கேட்டேன். “வாசியாதேங்கோ” என்று மட்டும் எழுதியிருந்தார். விடுமுறை கிடைக்காமையால் ஒரு பங்கேற்பாளர் வரவில்லை என்று அறிவித்தேன். அந்தப் பதினைந்து நிமிடத்தைக் காப்பி இடைவேளையோடு சேர்த்துவிட்டார்கள். சிலர் அதற்காக எனக்கு நன்றி சொன்னார்கள். மழை சற்று விட்டிருந்தபடியால் எல்லாரும் துறைமுகத்தைப் பார்க்க வெளியே போனார்கள்.

நான் போகவில்லை. அங்கே அப்போது பிற்பகல் மூன்று மணி ஆகியிருக்கும். அழைத்தேன். தவமலர் பதிவேட்டை முன்னால் விரித்துவைத்திருந்தார். நஸீர் பக்கத்தில் இருந்து எண்களை வாசிக்க, அவர் சிவப்பு மையால் வெட்டிக்கொண்டிருந்தார். மூன்று நாளாக இதுதான் வேலையாம். விரல்களில் மை. என்னைக் கண்டதும் பேனையை மூடிவைத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். நான் எழுதிப் பழகிய அத்தனை செந்தமிழிலும் அதற்கு உதவும் ஒரு வாக்கியம் இருக்கவில்லை. பிழையாகவும் திக்கியும் கேட்டேன். அவர் அதைக் கேட்டாரா தெரியவில்லை. வேறொன்றில் சிக்கியிருந்தார்.

“அண்ணன், ஒவ்வொரு வரிக்கும் கடைசிப் பத்தியில காரணம் எழுத வேணும். கிழிஞ்சது, கறையான், தொலைஞ்சது எண்டுதான் முந்தி எழுதியிருக்கினம். தொலைஞ்சது எண்டா நான் தொலைச்ச மாதிரி. கடல் எண்டு எழுதலாம். நூலகத்து ராக்கையில இருந்ததுக்கு அது சரி. ஆனா வீடுகளுக்குப் போன புத்தகம் இருக்குதே, அதுகளை நான் எல்லாம் தனியக் குறிச்சு வைச்சிருக்கிறன். கொண்டு போன ஆளும் இல்லை, எங்க எண்டும் தெரியாது. சிலது எங்கயாவது இருக்கும். அதுக்கு என்ன எழுதுறது?”

நான் கைபேசியை மேசைமேல் நிமிர்த்திவைத்தேன்.

“நீங்கள் படிச்சனீங்கள்தானே. ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. நஸீர், கொஞ்சம் பொறுங்கோ, அண்ணன் யோசிக்கிறார்.”

இருவரும் திரையில் காத்திருந்தார்கள். எத்தனையோ சொற்கள் வந்தன. ஒவ்வொன்றையும் மனத்துக்குள் எழுதிப் பார்த்தேன். ஒன்று பொய்யாக இருந்தது. ஒன்று அவரைக் குற்றவாளியாக்கியது. ஒன்று நூலைக் கொண்டுபோனவர்கள் இறந்துவிட்டார்கள் என்று தீர்ப்பெழுதியது. அதைச் சொல்ல நான் யார்? கீழே மண்டபத்தில் நாற்காலிகள் இழுபடும் ஒலி கேட்டது. ஆட்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

“சரி, ஆறுதலாச் சொல்லுங்கோ” என்றார் தவமலர். “அதுவரைக்கும் அந்த இடத்தை வெறுமையா விட்டு வைக்கிறன்.”

குழு வந்து எண்ணிப் போய்விட்டது. புதுச் செயலாளர் வந்துவிட்டார். வெறுமையாக விட்ட இடங்களைப் பற்றி ஒருமுறை கேட்டாராம். எழுதித் தருவதற்கு ஓர் ஆள் இருக்கிறார் என்று தவமலர் சொன்னாராம். தவமலர் என்னிடம் அச்சொல்லைக் கேட்டு ஓர் ஆண்டாகிறது. இன்னும் நான் ஒரு சொல்லும் அனுப்பவில்லை.